உலகத்துக்குக் கொடுக்க ஓர் இலக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நன்கொடை தர மனமிருக்கிறது. எவ்வளவு, யாருக்கு, எப்போது என்று தீர்மானிக்காமலே வருடங்கள் ஓடிவிடுகின்றன. பலருக்கும் நடப்பது இதுதான். தனக்கென ஓர் இலக்கு வைத்து, சொந்த நாட்டு எல்லைக்கு அப்பாலும் கொடுக்க நினைக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தருகிறேன்.

கொடுப்பதற்கு எதற்கு இலக்கு? மனம் இரங்கும்போது கொடுத்தால் போதாதா?

மனம் இரங்கிக் கொடுப்பதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மனம் எதைக் கண்டு இரங்குகிறது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்றும் பார்க்க வேண்டும். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007இல் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களிடம் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, ஆப்பிரிக்காவின் பட்டினி நிவாரணத்துக்கு அதிலிருந்து எவ்வளவு தருகிறீர்கள் என்று கேட்டார்கள். சிலருக்கு மாலி நாட்டைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் படமும் கதையும் காட்டப்பட்டன. வேறு சிலருக்கு, பசியில் வாடும் லட்சக்கணக்கானோர் பற்றிய புள்ளிவிவரங்கள் மட்டும். சிறுமியைப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கொடுத்தார்கள். சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது, சிறுமிக்குக் கிடைத்த தொகையும் குறைந்துபோனது.

எண்ணிக்கை கூடக் கூட நம் இரக்கம் கூடுவதில்லை என்பது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். 2023இல் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஏறக்குறைய 95 சதவீதம் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தைகள். இந்தச் சாவுகள் ஒரே நாளில் ஒரே இடத்தில் நடப்பதில்லை. அதனால் தலைப்புச் செய்தி ஆவதும் இல்லை. எந்தப் படம் கண்ணில் படுகிறதோ அதற்குக் கொடுப்பது என்று இருந்தால் இந்தக் குழந்தைகளின் முறை வரவே வராது. இலக்கு வைக்கச் சொல்வது அவர்களுக்காகத்தான்.

சரி, எவ்வளவு கொடுக்கலாம்?

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். அளப்பதற்கு உலகம் முழுக்கப் பழைய படிகளும் புதிய படிகளும் இருக்கின்றன. கிறிஸ்தவர்கள் பலர் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தருகிறார்கள். சீக்கியர்களின் தஸ்வந்தும் பத்தில் ஒரு பங்குதான். இஸ்லாத்தின் ஜகாத் வேறு மாதிரி: வருமானத்தைப் பார்ப்பதில்லை, ஒரு குறிப்பிட்ட வரம்புக்கு மேல் ஓர் ஆண்டு கையில் தங்கிய செல்வத்தில் 2.5 சதவீதம். இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். சம்பளம் குறைவாகவும் சொத்து அதிகமாகவும் உள்ளவருக்கு இரண்டு கணக்குகளும் வெவ்வேறு விடை தரும்.

மதம் சாராத உறுதிமொழிகளும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் 2009இல் டோபி ஆர்ட், வில் மெக்கஸ்கில் இருவரும் தொடங்கிய ‘கிவிங் வாட் வீ கேன்’ அமைப்பில் சேர்கிறவர்கள், வாழ்நாள் வருமானத்தில் 10 சதவீதமாவது நல்ல பலன் தரும் தொண்டுகளுக்குத் தருவதாக உறுதி எடுக்கிறார்கள். அதற்கு அடுத்த ஆண்டு வாரன் பஃபெட்டும் கேட்ஸ் தம்பதியும் தொடங்கிய ‘கிவிங் பிளெட்ஜ்’ பெரும் செல்வந்தர்களுக்கானது. சொத்தில் பாதிக்கு மேல் கொடுப்பதாக வாக்களிக்க வேண்டும்.

நாடுகளும் இலக்கு வைத்துக்கொண்டன. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தைப் பணக்கார நாடுகள் வளர்ச்சி உதவியாகத் தர வேண்டும் என்று 1970இல் ஐநா பொதுச்சபை தீர்மானித்தது. நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளே அதைப் பல ஆண்டுகள் எட்டிக் காட்டியிருக்கின்றன. அரசாங்கங்கள் எட்டாத அந்த 0.7 சதவீதத்தைத் தனிமனிதர் ஒருவர் எளிதாகத் தாண்டிவிட முடியும் என்பது எனக்கு எப்போதும் தெம்பு தரும் செய்தி.

என் யோசனை: முதல் ஆண்டு வருமானத்தில் 1 சதவீதம். முழுநேர வேலை பார்ப்பவருக்கு அது மாதத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேர உழைப்பு. எடுத்த எடுப்பில் 10 சதவீதம் என்று தொடங்கி நான்காவது மாதமே நிறுத்துவதைவிட, 1 சதவீதத்தைப் பத்து வருடம் விடாமல் கொடுப்பது மேல். அப்புறம் சம்பளம் உயரும்போதெல்லாம் சதவீதத்தையும் கொஞ்சம் உயர்த்துங்கள். மாதாமாதம் தருபவர்களிடம் ‘இப்போதே கூட்டித் தாருங்கள்’ என்று கேட்பதைவிட, ‘சில மாதங்கள் கழித்துக் கூட்டித் தருவதாக இப்போது ஒப்புக்கொள்ளுங்கள்’ என்று கேட்டால் அதிகம் கிடைக்கிறது என்று சுவீடனில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. நாளைய பணத்தைக் கொடுக்கச் சம்மதிப்பது நமக்குச் சுலபம். அந்தச் சுபாவத்தை நல்லதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கடன் இருக்கிறது. இப்போதும் கொடுக்க வேண்டுமா?

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். கிரெடிட் கார்டு போன்ற அதிக வட்டிக் கடனை முதலில் அடையுங்கள். சில மாதச் செலவுக்கான பணத்தைக் கையில் வையுங்கள். அதுவரை மிகச் சிறிய தொகை போதும். பழக்கம் விட்டுப்போகாமல் இருந்தால் சரி. வீட்டுக் கடன் போல இருபது வருடம் நீளும் கடன் வேறு. அது தீரட்டும் என்று காத்திருந்தால் கொடுக்கும் வயதே போய்விடும்.

பக்கத்திலேயே கஷ்டப்படுகிறவர்கள் இருக்கும்போது, முகம் தெரியாத தேசத்துக்கு ஏன் அனுப்ப வேண்டும்?

அடிக்கடி வரும் கேள்வி. கொஞ்சம் கோபத்தோடும் வரும். அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரின் கஷ்டத்தைக் கண்ணால் பார்க்கிறோம், அவர் நம்மை நம்பியும் இருக்கலாம். ஆகவே இதை விட்டு அதற்கு என்று சொல்ல மாட்டேன். இலக்குத் தொகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை அருகில் இருப்பவர்களுக்கும் ஒரு பங்கை உலகத்துக்கும் என்று ஒதுக்குங்கள். பாதிப் பாதியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை.

ஆனால் உலகப் பங்கை வெட்டிவிட வேண்டாம் என்று வற்புறுத்தியே கேட்டுக்கொள்வேன். உலக வங்கி 2025இல் திருத்திய கணக்கின்படி நாளொன்றுக்கு 3 டாலருக்கும் குறைவாக வாழ்பவர்களே மிகக் கொடிய வறுமையில் இருப்பவர்கள். அப்படிச் சுமார் 80 கோடிப் பேர். அந்த 3 டாலரும் அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டது. ‘அங்கே எல்லாம் மலிவுதானே’ என்ற சமாதானம் இதற்குப் பொருந்தாது. அவ்வளவு கீழே வாழும் ஒரு குடும்பத்துக்குப் போய்ச் சேரும் சிறிய தொகை, வசதியான நாட்டில் அதே தொகை செய்யக்கூடியதைவிடப் பல மடங்கு வேலை செய்யும். எந்த நாட்டில் பிறப்பது என்று யாரும் தேர்ந்தெடுப்பதில்லை.

தூரத்தில் இருந்து கொடுத்தால் பலன் தெரியாது என்பவர்களுக்குப் போலியோ கதையைச் சொல்வேன். போலியோவை ஒழிப்பதற்கு நிதி திரட்டுவதென்று ரோட்டரி சங்கங்கள் 1985இல் இறங்கின. உலக அளவிலான ஒழிப்புத் திட்டம் 1988இல் தொடங்கியபோது 125 நாடுகளில் அந்த நோய் நிலைகொண்டிருந்தது. ஆண்டுக்கு 3,50,000 குழந்தைகள் முடங்கிக்கொண்டிருந்தார்கள். இன்று இயற்கையான போலியோ வைரஸ் நிலைத்திருப்பது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் என்ற இரண்டே நாடுகளில். இத்தனை ஆண்டுகளில் ரோட்டரி வழியாக மட்டும் 200 கோடி டாலருக்கும் மேல் சேர்ந்தது. அதில் ஒரு பெரும்பகுதி, சொட்டு மருந்து குடித்த எந்தக் குழந்தையையும் நேரில் பார்க்காதவர்கள் கொடுத்தது.

எந்த வேலைக்குக் கொடுத்தால் பணம் வீண் போகாது?

மலிவாகவும், பலமுறை சோதிக்கப்பட்டும், ஆனாலும் இன்னும் எல்லோரையும் எட்டாமலும் இருப்பது எது என்று தேடுங்கள். கொசுவலை அப்படி ஒன்று. பூச்சிக்கொல்லி ஏற்றிய வலை, இரண்டு பேர் அதன் கீழே தூங்கலாம், சுமார் மூன்று ஆண்டுகள் உழைக்கும். 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் 66 கோடி மலேரியாப் பாதிப்புகள் தடுக்கப்பட்டதாகவும், அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கொசுவலையால் நடந்ததாகவும் 2015இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மழைக்காலத்தில் மட்டும் மாதம் ஒருமுறை சிறு குழந்தைகளுக்குத் தரும் மலேரியாத் தடுப்பு மாத்திரை இன்னொன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் வைட்டமின் ஏ இன்னொன்று.

‘கிவ்வெல்’ என்ற அமைப்பு 2007 முதல் இதே வேலையாக இருக்கிறது. எந்தத் தொண்டு நிறுவனத்துக்குத் தரும் பணம் எவ்வளவு நன்மை செய்கிறது என்று ஆராய்ந்து, கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. அவர்களின் உயர்ந்த பட்டியலில் உள்ள திட்டங்களில் ஓர் உயிரைக் காப்பதற்குச் சராசரியாகச் சுமார் 3,000 முதல் 5,500 டாலர் வரை ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இது மதிப்பீடுதான், விலைப்பட்டியல் இல்லை. ‘ஒரு டாலர் கொடுங்கள், ஓர் உயிர் பிழைக்கும்’ என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்ப வேண்டாம் என்பதற்கு இந்த எண் ஒன்றே போதும். மறுபக்கம் யோசித்தால், ஒரு சாதாரண உத்தியோகஸ்தர் சில ஆண்டுகளில் சேர்த்துக் கொடுக்கக்கூடிய தொகை அது. தன் வாழ்நாளில் ஒரு குழந்தையின் உயிரை, ஒருவேளை பல குழந்தைகளின் உயிரைக் காக்கும் வாய்ப்பு கையில் இருக்கிறது என்பது சின்ன விஷயமா?

ஏழைகளுக்குப் பணமாகவே கொடுத்தால் வீணாக்கிவிட மாட்டார்களா?

இந்தப் பயத்தை நிறையச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கென்யாவில் ‘கிவ்டைரக்ட்லி’ அமைப்பு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்குத் தலா ஏறக்குறைய 1,000 டாலர் கொடுத்தது. ஆய்வாளர்கள் அந்த வட்டாரம் முழுவதையும் தொடர்ந்து கவனித்தார்கள். கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் அங்கே சுமார் 2.5 டாலர் அளவுக்குப் பொருளாதாரம் பெருகியது. பணம் வாங்காத அண்டை வீட்டாரின் நிலையும் உயர்ந்தது. விலைவாசி ஏறியது மிகச் சொற்பம். தன் வீட்டுக்கு எது முதல் தேவை என்பது அந்த வீட்டில் இருப்பவருக்குத் தெரியும். கூரையா, கால்நடையா, பிள்ளையின் பள்ளிக் கட்டணமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

ஒரு நிறுவனத்தை எப்படி நம்புவது?

‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்ற பழமொழியில் இன்று சோதிக்க வேண்டிய பாத்திரம் இடையில் நிற்கும் நிறுவனம். தணிக்கை செய்த கணக்கு வெளியே கிடைக்கிறதா, பதிவு செய்யப்பட்டதா என்று பார்ப்பது ஆரம்பம் மட்டுமே. நேர்மையான நிறுவனமும் பயனற்ற வேலையைச் செய்துகொண்டிருக்கலாம்.

பிளேபம்ப் என்ற திட்டம் இதற்குச் சரியான பாடம். தென்னாப்பிரிக்காவில் தோன்றிய யோசனை: குழந்தைகள் ராட்டினத்தைச் சுற்றி விளையாட, அந்தச் சுழற்சியில் நிலத்தடி நீர் மேலே ஏறித் தொட்டியில் நிறையும். கேட்டவுடன் யாருக்கும் பிடித்துவிடும். 2006இல் அமெரிக்க அரசும் சில அறக்கட்டளைகளும் சேர்ந்து 1.64 கோடி டாலர் அறிவித்தன. 2010க்குள் 4,000 பம்புகள் நிறுவுவது திட்டம். நடந்தது என்ன? குழந்தைகள் அவ்வளவு நேரம் சுற்றவில்லை. பெண்கள் அந்தக் கனமான சக்கரத்தைக் கையால் தள்ள வேண்டிவந்தது. பழுதானால் சரிசெய்ய உள்ளூரில் ஆள் இல்லை. சொன்ன அளவுக்குத் தண்ணீர் வேண்டுமானால் நாளொன்றுக்கு 27 மணி நேரம் குழந்தைகள் சுற்ற வேண்டும் என்று ‘தி கார்டியன்’ நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. யாரும் பணத்தைத் திருடவில்லை. அந்த ஊர்ப் பெண்களிடம் முதலிலேயே கேட்காமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

அதனால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி இதைக் கேளுங்கள்: ‘நீங்கள் முயன்று தோற்றது எது? அதன்பின் எதை மாற்றினீர்கள்?’ பதில் தெளிவாக வந்தால் அங்கே அளந்து பார்க்கும் பழக்கம் இருக்கிறது. புகைப்படங்கள் மட்டும் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

நிர்வாகச் செலவு குறைவாக இருப்பதுதான் நல்ல நிறுவனமா?

இல்லை. கணக்காளர், வாகனம், ஊழியர் பயிற்சி, பலனை அளக்கும் ஆய்வு எல்லாமே அந்தச் செலவில்தான் வருகின்றன. தொண்டு நிறுவனங்களைத் தரம் பிரிக்கும் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலயன்ஸ் ஆகிய மூன்று அமைப்புகளும், நிர்வாகச் செலவை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று 2013இல் நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதமே எழுதின. வரவில் பாதிக்கு மேல் விளம்பரத்துக்கும் சம்பளத்துக்கும் போய், களத்தில் வேலையே கண்ணில் படவில்லை என்றால் அது வேறு கதை.

பூகம்பம், வெள்ளம் என்றால் இலக்கை மீறிக் கொடுக்கலாமா?

தாராளமாக. தேவைப்பட்டால் இலக்கிலேயே ஒரு பகுதியைப் பேரிடருக்கென்று முன்கூட்டி ஒதுக்கி வைக்கலாம். இரண்டு விஷயம் மட்டும். முதலாவது, ‘இந்தப் பேரிடருக்கு மட்டும்’ என்று கட்டிப்போடாமல் கொடுங்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு ஒரு வாரம் சுமாரிலேயே ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு, சுனாமி வேலைக்குத் தேவையான பணம் வந்துவிட்டது, இனி அதற்கென்று அனுப்ப வேண்டாம் என்று சொன்னது. வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும்! அதே நேரத்தில் மற்ற நாடுகளில் அவர்களின் மருத்துவ முகாம்கள் பணத்துக்குக் காத்திருந்தன.

இரண்டாவது, பொருளாக அனுப்பாதீர்கள். பழைய துணியும் தேதி முடியப்போகும் மருந்தும் துறைமுகத்தில் குவிந்து, அவசரமாக இறக்க வேண்டிய சரக்குக்கு இடைஞ்சலாகின்றன. இது அவ்வளவு அடிக்கடி நடந்ததால் உலக சுகாதார நிறுவனம் 1996இல் மருந்து நன்கொடைக்கென்றே விதிமுறைகள் வெளியிட்டது. போய்ச் சேரும்போது காலாவதிக்கு ஓர் ஆண்டாவது பாக்கி இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று.

மாதாமாதமா, வருடத்துக்கு ஒருமுறையா?

சம்பளக்காரர்களுக்கு மாதாமாதம். சம்பளம் வந்த மறுநாளே கணக்கிலிருந்து தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவிடுங்கள். மிச்சம் இருந்தால் கொடுப்பேன் என்று வைத்தால் மிச்சம் இருக்காது. வருமானம் ஏறி இறங்கும் தொழில் செய்பவர்களுக்கு, வருகிற ஒவ்வொரு தொகையிலும் சதவீதத்தைப் பிரித்துத் தனிக் கணக்கில் போட்டு, வருடக் கடைசியில் மொத்தமாகக் கொடுப்பது வசதி.

நாடு விட்டு நாடு அனுப்பும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில், உள்நாட்டில் பதிவான நிறுவனத்துக்குத் தந்தால்தான் வரிச்சலுகை. உலக அளவில் வேலை செய்யும் பல நிறுவனங்களுக்குப் பல நாடுகளில் கிளை உண்டு, அதன் வழியாகக் கொடுங்கள். அடுத்தது கமிஷனும் நாணய மாற்றும். சிறு தொகையை அடிக்கடி அனுப்பினால் இதுவே நிறையத் தின்றுவிடும். மூன்றாவதாக, வெளிநாட்டுப் பணத்தை வாங்குவதற்குச் சில நாடுகளில் தனி அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத சிறு அமைப்புக்கு நேரடியாக அனுப்பினால் மாட்டிக்கொள்வது அவர்கள்தான்.

உறவினருக்கு அனுப்பும் பணம் இந்த இலக்கில் சேருமா?

அது பெரிய உதவி, சில நேரம் நன்கொடையைவிடப் பெரியது. ஆனாலும் தனியாக வையுங்கள். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால், வீட்டில் ஒரு கல்யாணம் வந்த வருடம் உலகப் பங்கு பூஜ்யமாகிவிடும்.

பணம் முடியாது. நேரத்தைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் எங்கே என்று பார்த்து. ரத்தம் கொடுப்பது எங்கும் நல்லது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 11.8 கோடி முறை ரத்ததானம் நடக்கிறது. அதில் 40 சதவீதம், உலக மக்கள்தொகையில் 16 சதவீதம் மட்டுமே உள்ள பணக்கார நாடுகளில். கணினி, மொழிபெயர்ப்பு, கணக்கு என்று ஏதேனும் தொழில் தெரிந்தவர்கள் இருந்த இடத்திலிருந்தே உதவலாம். வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வது ஒன்று: விமானம் ஏறிப் போய் இரண்டு வாரம் அநாதை இல்லத்தில் குழந்தைகளோடு இருந்துவிட்டு வருவது. அப்படிப்பட்ட இல்லங்களில் பல குழந்தைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களின் பணத்துக்காகவே பிள்ளைகளைச் சேர்க்கும் இடங்களும் உண்டு. குழந்தை குடும்பத்தோடு இருக்க உதவும் திட்டத்துக்கு அந்த விமானக் கட்டணத்தைக் கொடுங்கள்.

கொடுப்பதை வெளியே சொல்லலாமா?

வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று வளர்ந்தவர்களுக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடஸ் கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாத கொடைக்கு இரண்டாம் இடம் தந்தார். முதலிடம், ஒருவர் இனி யாரிடமும் கையேந்தத் தேவையில்லாதபடி அவரைத் தூக்கிவிடுவதற்கு. வாங்குபவரின் முகத்தைக் காட்டிப் பெருமைப்படுவது தவறு. ஆனால் ‘நான் வருமானத்தில் இத்தனை சதவீதம் தருகிறேன்’ என்று நண்பரிடம் சொல்வதில் தவறே இல்லை. பக்கத்தில் ஒருவர் செய்வதைப் பார்த்தால்தான், இது நம்மாலும் முடியும் என்று பலருக்குத் தோன்றும்.

ஒரு வருடம் இலக்கை எட்டவில்லை. அடுத்து?

விட்ட தொகையை அடுத்த வருடத் தலையில் ஏற்ற வேண்டாம். அந்தக் கடன் பெருகிக்கொண்டே போய் எல்லாவற்றையும் நிறுத்தவைத்துவிடும். சதவீதத்தை மட்டும் மறுபடி பாருங்கள்: வேலை போயிருந்தால் இறக்குங்கள், மறதி என்றால் தானியங்கி ஏற்பாட்டைச் சரிசெய்யுங்கள். நிறுவனம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தால் அதை மாற்ற வேண்டாம். அடுத்த மழைக்காலத்துக்கான கொசுவலையையும் மாத்திரையையும் அவர்கள் பல மாதங்களுக்கு முன்பே ஆர்டர் செய்தாக வேண்டும், தவறாமல் வரும் பணத்தை நம்பித்தான் அதைச் செய்கிறார்கள். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் முன்கூட்டி ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடுங்கள்.